இதழ்கள் பல, ஊற்று ஒன்று

இதழ்கள் பல இருந்தால் கருத்துகளும் பலவாக இருக்கும் என்று நாம் இயல்பாகவே நம்புகிறோம். ஒரு செய்தியை நான்கு இதழ்கள் ஒன்றுபோல் எழுதினால், நான்கு சாட்சிகள் உறுதிசெய்த உண்மையாகவே அதனை ஏற்கிறோம். இந்நம்பிக்கை எவ்வளவு எளிதில் ஏமாற்றப்படக்கூடும் என்பதற்கு, முதல் உலகப் போருக்குப் பிந்திய ஜெர்மனியின் வரலாறு சான்று பகர்கிறது.

ஆல்ஃபிரட் ஹூகன்பெர்க் என்பவர் இதழாளர் அல்லர். பீரங்கிகளுக்குப் பெயர்பெற்ற க்ருப் எஃகு நிறுவனத்தின் நிருவாகத் தலைவராக 1909 முதல் 1918 வரை பணியாற்றியவர். 1916-ஆம் ஆண்டில், கனரகத் தொழிலதிபர்களின் பணத்தைக் கொண்டு, பெர்லினில் புகழ்பெற்றிருந்த ஷெர்ல் பதிப்பகத்தை அவர் தம் ஆளுகைக்குள் கொண்டுவந்தார். அதனோடு அந்நகரின் முன்னணி நாளேடுகளுள் ஒன்றும் அவர் கைக்கு வந்தது.

ஆயினும் அவருடைய உண்மையான வலிமை அவர் வாங்கிய நாளேடுகளில் இல்லை. பிறருடைய நாளேடுகளுக்கு அவர் வழங்கிய பண்டங்களில் இருந்தது. சிற்றூர்களில் வெளிவந்த சிறிய இதழ்களுக்குத் தலைநகரில் நிருபர் வைக்க வசதியில்லை. 1923-இன் கடும் பணவீக்கம் அவற்றை மேலும் நலிவித்தது. அவற்றுக்குக் கடன் கொடுக்க ஹூகன்பெர்க்கிடம் ஒரு நிறுவனம் இருந்தது. விளம்பரம் பெற்றுத்தர மற்றொன்று. செய்தி அனுப்ப ‘டெலிகிராஃபன் யூனியன்’ என்ற செய்தி முகமை. இவற்றுக்கும் மேலாக, எழுத்துக் கோத்துப் பதித்த அட்டை அச்சுகளே ஆயத்தமாக வந்து சேர்ந்தன. உள்ளூர் அச்சகத்தார் அவற்றில் ஈயத்தை உருக்கி ஊற்றினால் போதும். தலையங்கம் உட்பட முழுப் பக்கமே உருவாகிவிடும். தன் ஊரின் பெயர் தாங்கிய இதழைக் கையில் எடுத்த வாசகர், அயலூர் இதழிலும் அதே சொற்களே உள்ளன என்பதை அறிய வழியில்லை. 1927-இல் நாட்டின் மிகப் பெரிய திரைப்பட நிறுவனமான ‘உஃபா’வும், அதன் செய்திப் படங்களோடு, அவர் வசமாயிற்று.

இத்தனை வாயில்களையும் கைக்கொண்டவர் எதைச் சொன்னார்? வைமார் குடியரசு நாட்டைக் காட்டிக்கொடுத்த அரசு என்பதையே நாள்தோறும் சொன்னார். 1928-இல் ஜெர்மன் தேசிய மக்கள் கட்சியின் தலைவரான அவர், மறு ஆண்டில், போர் இழப்பீட்டுக்கான யங் திட்டத்தை எதிர்த்து மக்கள் வாக்கெடுப்பு ஒன்றை முன்னின்று நடத்தினார். அத்திட்டத்தில் கையொப்பமிடும் அமைச்சர்களைத் துரோகிகளாகத் தண்டிக்க வேண்டும் என்பது அதன் கோரிக்கைகளுள் ஒன்று. அந்த இயக்கத்தின் குழுவில் அடால்ஃப் ஹிட்லரையும் சேர்த்துக்கொண்டார்.

வாக்கெடுப்பில் அவருக்குக் கிடைத்த ஆதரவு மொத்த வாக்காளரில் 13.8 விழுக்காடே. ஆகவே, ஊடகத்தை உடையவர் மக்கள் மனத்தையும் உடையவராகிவிடுவார் என்று நாம் கருதுவது சரியன்று. ஆனால் குடியரசின்மீது இடைவிடாது ஊட்டப்பட்ட வெறுப்பு வீண்போகவில்லை. அதை அறுவடை செய்தவர்தாம் வேறு. 1930-ஆம் ஆண்டுத் தேர்தலில் ஹூகன்பெர்க் கட்சியின் இடங்கள் 73-இலிருந்து 41 ஆகக் குறைந்தன. ஹிட்லர் கட்சியின் இடங்களோ 12-இலிருந்து 107 ஆக உயர்ந்தன. 1933 சனவரியில் ஹிட்லரின் அமைச்சரவையில் இடம்பெற்ற ஹூகன்பெர்க், ஐந்தே மாதங்களில் பதவி விலக நேர்ந்தது. அவருடைய செய்தி முகமையும் பின்னர் திரைப்பட நிறுவனமும் நாசி அரசின் கைக்குச் சென்றன. பிறருக்கு வெட்டிய குழியில் தாமே வீழ்ந்தார்.

இதே காலத்தில் வேறொரு வழியைத் தேர்ந்தவரும் உண்டு. மியூனிக் நகரின் பெரிய நாளேடொன்றுக்கு 1920 முதல் 1928 வரை ஆசிரியராயிருந்தவர் ஃபிரிட்ஸ் கெர்லிக். அந்நாளேட்டிலும் ஆலை அதிபர்களின் பணம் இருந்தது. பின்னர் அவர் நடத்திய வார இதழ், 1932-இல் ‘நேரிய வழி’ என்று பொருள்படும் பெயர் பூண்டு, ஹிட்லரின் பொய்களை ஒளிவுமறைவின்றி எடுத்துரைத்தது. 1931-இல் கத்தோலிக்கத் திருமறையைத் தழுவிய அவர், 1933 மார்ச்சில் கைதானார். 1934 சூன் 30 அன்று டாகோ முகாமில் கொல்லப்பட்டார். அவர் இதழுக்கும் ஒரு செல்வரின் பொருளுதவி இருந்தது என்பதை நாம் மறக்கலாகாது. பணம் இன்றி இதழ் இல்லை. அப்பணம் ஆசிரியரைப் பேசவிடுகிறதா, அவர் வாயில் சொற்களைத் திணிக்கிறதா என்பதே வேறுபாடு.

செய்தியறியும் உரிமை மனித சமுதாயத்திற்கு உண்டு என்று 1963-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் தன் சமூகத் தொடர்புக் கருவிகள் பற்றிய ஆணையில் அறிவித்தது. உரிமை உள்ள இடத்தில் கடமையும் உண்டு. இன்று நம் இல்லங்களில் நாளேடு, தொலைக்காட்சி, கைப்பேசி எனப் பல வாயில்கள் திறந்துள்ளன. ஒரே உரிமையாளர் அவற்றுள் பலவற்றை ஒருங்கே வைத்திருத்தல் அரிதன்று. ஒரு செய்தி எத்தனை இடங்களில் வந்தது என்று எண்ணுவதோடு நாம் நின்றுவிடலாகாது. அது எங்கே புறப்பட்டது, யார் பொருட்செலவில் நம்மை வந்தடைந்தது, எதைச் சொல்லாமல் விட்டது என்றும் கேட்போம். நம் பிள்ளைகளையும் அவ்வாறு கேட்கப் பழக்குவோம்.