எண் இறங்கியது, இதயம்?

கொருக்குப்பேட்டையில் எங்கள் தெருவில் வசிக்கும் நண்பர் ஒருவர் மாரடைப்பிலிருந்து மீண்டவர். சென்ற மாதம் இரத்தப் பரிசோதனைத் தாளைக் காட்டி மகிழ்ந்தார். 22 ஆக இருந்த ஹோமோசிஸ்டீன் 11 ஆகியிருந்தது. 15-க்குள் இருப்பதே இயல்பு. "ஃபோலிக் அமில மாத்திரையே போதும் போலிருக்கே, மத்ததெல்லாம் எதுக்கு வாத்தியாரே?" என்றார். நான் மருத்துவம் கற்றவனல்லன். ஆயினும் அந்த எண்ணுக்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு என்பதை அறிவேன்.

புரத உணவிலுள்ள மெத்தியோனினிலிருந்து உடலில் உருவாகும் பொருள் ஹோமோசிஸ்டீன். 1932-இல் அமெரிக்க வேதியியலாளர் வின்சென்ட் டு விக்னோ இதனைக் கண்டறிந்தார். இது இரத்தத்தில் மிகும் பிறவிக் கோளாற்றால் இறந்த குழந்தைகளின் தமனிகள் முதியோருடையவை போலச் சிதைந்திருந்ததைக் கண்ட கில்மர் மெக்கல்லி, 1969-இல் இதற்கும் இதயநோய்க்கும் தொடர்புண்டு என்றார். கொழுப்பே காரணம் என்று உலகம் நம்பிய காலம் அது. அவர் ஹார்வர்டு பணியையே இழக்க நேர்ந்தது.

ஹோமோசிஸ்டீனைக் குறைப்பவை ஃபோலிக் அமிலமும் பி12, பி6 வைட்டமின்களும். ஃபோலிக் அமிலத்தின் கதையில் நம் நகருக்கும் பங்குண்டு. 1928 முதல் பம்பாயில் கருவுற்ற ஏழைப் பெண்களின் இரத்தசோகையை ஆராய்ந்த லூசி வில்ஸ், ஈஸ்ட் சாற்றில் அதற்கு மருந்து கண்டார். அதில் இருந்தது பின்னாளில் ஃபோலேட் என்று தெரிந்தது. 1945-இல் அதைச் செயற்கையாக உருவாக்கிய அமெரிக்க ஆய்வுக்குழுவை நடத்தியவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவ்.

இனி எல்லாம் எளிது என்றே தோன்றியது. ஆனால் 2006-இல் வெளியான ஹோப்-2 ஆய்வு வேறு விடை தந்தது. 5,522 பேருக்குச் சராசரியாக ஐந்தாண்டுகள் இவ்வைட்டமின்களையோ வெற்று மாத்திரைகளையோ கொடுத்துப் பார்த்தனர். வைட்டமின் பெற்றோரிடம் ஹோமோசிஸ்டீன் குறைந்தது. மாரடைப்போ இதயநோய் மரணமோ குறையவில்லை. பக்கவாதம் மட்டும் சற்றுக் குறைந்தது. அதே ஆண்டில் வெளியான நார்வே ஆய்வும் இதயத்திற்குப் பயன் காணவில்லை.

ஆகவே மெக்கல்லி கண்டது பொய்யன்று. பிறவிக் கோளாறு உடையோர்க்கு இதைக் குறைப்பது இன்றும் உயிர்காக்கும் மருத்துவமே. பி12 குறைந்தோர்க்கு அதை ஈடுசெய்வதும் கட்டாயம். ஆனால் பெரும்பாலோர்க்கு இந்த எண் நோயின் அடையாளமாக இருக்கலாம். அதுவே நோயின் வேர் என்பதற்குச் சான்றில்லை. நோயையும் நோய்முதலையும் தனித்தனியே நாடச் சொன்ன வள்ளுவர் நினைவுக்கு வருகிறார்.

நண்பரிடம் இவ்வளவே சொன்னேன்: "கீரையும் காசிமேட்டு மீனும் சாப்பிடுங்கள், நல்லது. ஆனால் மருத்துவரைக் கேட்காமல் ஒரு மாத்திரையையும் நிறுத்தாதீர்கள். பீடியை வேண்டுமானால் இன்றே நிறுத்துங்கள்."

தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். பீடிக்கட்டும் அதே பையில்தான் இருந்தது.