ஒரே நிரல், இரு விடை

கணினிக்கு நிரல் எழுதப் பழகும் மாணவன் ஒருவன், பள்ளியில் தான் எழுதிய நிரல் சரியான விடை தரக் காண்கிறான். அதனையே ஓர் எழுத்தும் மாற்றாது வேறொரு கணினியில் இட்டுப் பார்க்கிறான், விடை வேறாகிறது. பொறி பொய் சொல்லுமோ என்று மயங்குகிறான். பின்னர்த் தன் அறிவின்மேலேயே ஐயங்கொள்கிறான். பாடத்தையே கைவிடுவோரும் உண்டு. இம்மயக்கம் நேற்றுத் தோன்றியதன்று. உயர்நிலை நிரல்மொழிகள் பரவத் தொடங்கிய நாள்தொட்டு அவற்றோடு வளர்ந்து வந்தது. அதன் வரலாற்றை அறிந்த ஆசிரியர், குறை மாணவனுடையதா, மொழியினுடையதா என்பதைப் பிரித்துக் காட்ட வல்லவராவார்.

மனிதர் எழுதும் நிரலைப் பொறிக்குரிய கட்டளைகளாக மாற்றித் தருவது கம்பைலர். தமிழில் அதனைத் தொகுப்பி என்பர். 1957ஆம் ஆண்டில் ஜான் பேக்கஸ் தலைமையிலான குழுவினர், ஐ.பி.எம். 704 என்னும் கணினிக்குப் போர்ட்ரான் தொகுப்பியை உருவாக்கி அளித்தனர். அந்நாளில் மொழி வேறு, தொகுப்பி வேறு என்ற பிரிவு இல்லை. அத்தொகுப்பி எதனை ஏற்றதோ அதுவே போர்ட்ரான் எனப்பட்டது. பிற நிறுவனத்தாரும் தத்தம் பொறிகளுக்குப் போர்ட்ரான் தொகுப்பிகள் செய்யத் தொடங்கவே, ஒரே பெயரில் பல வழக்குகள் எழுந்தன.

வணிகக் கணக்கிற்கு இந்நிலை நேரலாகாது எனக் கருதியோர் 1959 மே மாதம் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆதரவில் கூடினர். அதன் பயனாகப் பிறந்தது கோபோல் மொழி. 1960 டிசம்பரில், ஆர்.சி.ஏ. 501, யூனிவாக் 2 என்னும் இரு வேறு நிறுவனங்களின் பொறிகளில், சிறு மாற்றங்கள் நீங்கலாக ஒரே கோபோல் நிரல் ஓடிக் காட்டியது. ஒரு நிரல் இரு பொறிகளில் ஓடுவதே அன்று பொதுமக்கள் முன் மெய்ப்பித்துக் காட்டவேண்டிய அருஞ்செயலாய் இருந்தது.

போர்ட்ரானுக்கு 1966இல் தரநூல் ஒன்று வகுக்கப்பட்டது. எனினும் அது எல்லாவற்றையும் முடிவு செய்யவில்லை. மாணவரின் மதிப்பெண்களை ஒன்றுமுதல் இறுதிவரை கூட்டும் சுழல்கட்டளையை எடுத்துக்கொள்வோம். மாணவர் எவரும் இல்லையெனில் சுழல் எத்துணை முறை ஓடவேண்டும்? தொடக்க எண் இறுதி எண்ணை மிஞ்சலாகாது என்றது தரநூல். மிஞ்சினால் என்ன நிகழும் என்று சொல்லவில்லை. தொகுப்பிகள் பலவும் சுழலை ஒருமுறை ஓட்டியபின்னரே எண்ணைச் சோதித்தன. ஆகவே இல்லாத மாணவனுக்கும் ஒரு மதிப்பெண் கூட்டப்பட்டது. போர்ட்ரான் 77 என வழங்கும் அடுத்த தரநூலே, அவ்விடத்துச் சுழல் ஒருமுறையும் ஓடலாகாது எனத் தெளிவுபடுத்தியது. பழைய நிரல்களின் பொருட்டுப் பழைய வழக்கத்தையும் விருப்பத்தேர்வாக வைத்திருந்த தொகுப்பிகள் பின்னும் இருந்தன.

இக்குழப்பம் பெரிதும் விளைந்த களம் சி மொழியாகும். 1970களின் தொடக்கத்தில் பெல் ஆய்வுக்கூடத்தில் டென்னிஸ் ரிட்சி அதனை ஆக்கினார். பிரையன் கெர்னிகனும் அவரும் 1978இல் வெளியிட்ட நூலே நெடுநாள் சட்டமாய் நின்றது. நூல் பேசாத இடங்களில் தொகுப்பி செய்வோர் தம் மனம்போல் முடிவு செய்தனர். 1983இல் குழு ஒன்று அமைந்து, 1989இல் அமெரிக்கத் தரநூல் முற்றுப்பெற்றது; அடுத்த ஆண்டில் அது உலகத் தரநூலாயிற்று.

அக்குழுவினர் எல்லா வேற்றுமைகளையும் ஒழித்துவிடவில்லை, அவற்றை மூவகைப்படுத்தினர். முதலாவது, தொகுப்பி செய்வோர் முடிவு செய்து, அம்முடிவை எழுதியும் வைக்கவேண்டியது. முழுவெண்ணின் அளவு இவ்வகையது. 16 பிட் அளவில் மிகப் பெரிய எண் 32767. ஒன்றுமுதல் எட்டுவரையுள்ள எண்களைப் பெருக்கினால் 40320 வரும். ஆகவே 32 பிட் தொகுப்பியில் சரியாக வரும் விடை, 16 பிட் தொகுப்பியில் பெரும்பாலும் -25216 ஆகிவிடும்.

இரண்டாவது, பல வழிகளுள் எதனையும் மேற்கொள்ளலாம் என விட்டது. ஒரு சார்புக்குத் தரப்படும் இரு மதிப்புகளுள் எது முதலில் கணிக்கப்படும் என்பது இத்தகையது. தமிழாசிரியர்க்கு இது புதிதன்று. கல்குறிது என்றும் கற்குறிது என்றும் அல்வழியில் இரண்டும் வரும் என்பது இலக்கணத்து உறழ்ச்சி. இரண்டும் பிழையல்ல, இதுவே வரும் என நம்பியிருப்பதே பிழை.

மூன்றாவதே கொடியது. தவறான செயலுக்கு இன்னது விளையும் என்று தரநூல் எவ்வகை உறுதியும் தராத இடம் அது. கூட்டுத்தொகைக்குரிய மாறியைச் சார்பினுள் அறிவித்துவிட்டு, அதற்குச் சுழியம் இட மறக்கிறான் மாணவன். நினைவகத்தில் அவ்விடத்தே முன்பு எஞ்சியிருந்தது எதுவோ, பெரும்பாலும் அதனோடு மதிப்பெண்கள் கூடுகின்றன. ஒரு தொகுப்பியில் அவ்விடம் தற்செயலாய்ச் சுழியமாக இருந்தது, விடை சரியாயிற்று. மற்றொன்றில் வேறெண் இருந்தது, விடை பிழைத்தது. உண்மையில் பிழை இரண்டிலும் இருந்தது. சரியான விடை தந்த தொகுப்பியே அவனை ஏமாற்றிற்று.

இத்தகைய பிழையைத் தேடும் வழியும் அனுபவத்தால் வகுக்கப்பட்டதே. பெல் ஆய்வுக்கூடத்து ஸ்டீபன் ஜான்சன், சி நிரல்களின் ஐயத்திற்குரிய இடங்களைச் சுட்டும் 'லின்ட்' என்னும் கருவியை 1970களிலேயே ஆக்கினார். அதன் பணியில் பெரும்பகுதியை இன்றைய தொகுப்பிகளின் எச்சரிக்கைகள் செய்கின்றன. அவற்றை முழுமையாக இயக்கிப் படித்தல் முதற்படி. நிரலைச் சிறிது சிறிதாகக் குறைத்து, விடைகள் வேறுபடும் மிகச் சிறிய நிரலைக் காணுதல் அடுத்த படி. இடையே ஓர் அச்சிடும் வரியைச் சேர்த்தவுடன் பிழை மறைந்தால் மகிழ்தல் கூடாது. நினைவக அமைப்பு மாறியதால் அது ஒளிந்துகொண்டதாகவும் இருக்கலாம். தொகுப்பியே தவறு செய்வதும் உண்டு. எனினும் அது அரிது. அதனைக் கடைசியிலேயே ஐயுறவேண்டும்.

1995இல் வெளிவந்த ஜாவா மொழி வேறு நெறியை மேற்கொண்டது. முழுவெண் எங்கும் 32 பிட் என்றது. சார்பினுள் அறிவித்த மாறியை மதிப்பிடாமல் பயன்படுத்தினால் நிரலையே ஏற்க மறுத்தது. சி மொழியோ பொறிகளின் வேறுபாட்டிற்கும் விரைவிற்கும் இடந்தந்து, பொறுப்பை எழுதுவோனிடமே விட்டது. அப்பொறுப்பு இன்னது என்று எவரும் சொல்லித்தராத மாணவனே இடர்ப்படுகிறான். இரு விடை கண்டு மயங்கி நிற்கும் அவனிடம், "எந்த விடை சரி?" என்று கேட்பதினும், "மொழியின் விதி இவ்விடத்தில் என்ன சொல்கிறது?" என்று கேட்பதே ஆசிரியர் செய்யத்தக்கது.