துபாய் கடற்கழி: துறைமுகமா, காட்சிப்பொருளா?

டெய்ரா, பர் துபாய் பகுதிகளைப் பிரிக்கும் 'துபாய் க்ரீக்' என்ற கடற்கழியே அந்நகரின் முதல் துறைமுகம். மன்னார் வளைகுடாவைப் போலவே இங்கும் முத்துக்குளிப்பு முக்கிய தொழிலாக இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அளிக்கப்பட்ட சுங்கவரிச் சலுகைகளால், எதிர்க்கரையில் உள்ள லிங்கே துறைமுகத்தின் பாரசீக வணிகர்கள் பலர் இங்கு குடிபெயர்ந்தனர்.

1929இல் தொடங்கிய உலகப் பொருளாதார மந்தமும் ஜப்பானின் வளர்ப்பு முத்துக்களும் முத்து வணிகத்தை வீழ்த்தின. மணல் சேர்ந்து கழியின் ஆழமும் குறைந்தது. 1958இல் ஆட்சிக்கு வந்த ஷேக் ராஷித் பின் சயீத் அல் மக்தூம், குவைத்தின் கடனுதவியுடன் கழியைத் தூர்வாரச் செய்தார். துபாயில் எண்ணெய் கண்டுபிடிக்கப்பட்டது 1966இல்தான். அதாவது, நகரின் வளர்ச்சிக்கு அடித்தளமிட்டது எண்ணெய் அல்ல, வணிகமே.

பின்னர் 1972இல் ராஷித் துறைமுகமும் 1979இல் ஜெபல் அலி துறைமுகமும் திறக்கப்பட, பெரிய கப்பல்களுக்குக் கழி தேவைப்படவில்லை. எனினும், தூத்துக்குடித் தோணிகளை ஒத்த 'தவ்' மரக்கலங்கள் அதன் வணிகத்தைத் தொடர்ந்தன. கொள்கலன் வசதியற்ற ஈரானிய, கிழக்கு ஆப்பிரிக்கச் சிறு துறைமுகங்களுக்கு உணவுப்பொருள் முதல் குளிர்சாதனப் பெட்டி வரை அவையே கொண்டு சென்றன.

2016இல் திறக்கப்பட்ட கால்வாய், கழியின் மறுமுனையையும் கடலுடன் இணைத்தது. அதன் கரைகளில் எழுபவை பெரும்பாலும் குடியிருப்புகளும் விடுதிகளுமே. பழைய கட்டடங்களைப் புதுப்பித்துக் காக்க இயலும். ஆனால் சரக்கு ஏற்றும் மரக்கலங்களும் சிறு வணிகர்களும் அகன்றுவிட்டால், எஞ்சுவது துறைமுகமாக இராது, அதன் தோற்றமாக மட்டுமே இருக்கும்.