பறவைக்கு உரிமைப் பத்திரம் வாங்கிய விவசாயிகள்



நம்ம நாசரேத் வட்டாரத்தில் நடவுக்கு உழும்போது டிராக்டருக்குப் பின்னாலேயே கொக்குகள் வருவதைப் பார்க்கிறீர்கள். புரளும் மண்ணில் கிடக்கும் புழு பூச்சிகளைக் கொத்தித் தின்னும். கூலி கேட்பதில்லை. ஆனால் பறவையைக் காப்பாற்ற வேண்டும் என்று நான் சொன்னால், "அது வனத்துறை வேலை சார், நமக்கென்ன?" என்று சிலர் கேட்கிறார்கள். பழைய கதையைப் பார்த்தால், சட்டம் வருவதற்கு முன்பே பறவையைக் காத்தவர் விவசாயிதான்.

செங்கல்பட்டுப் பக்கம் வேடந்தாங்கல் என்று ஒரு சிற்றூர். அங்கே உள்ள ஏரி மரங்களில் நாரையும் கொக்கும் நீர்க்காகமும் கூடு கட்டும். கம்பெனி ஆட்சிக் காலத்தில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் வந்து அவற்றைச் சுட்டார்கள். ஊர் விவசாயிகள் கலெக்டர் லயனல் பிளேஸ் என்பவரிடம் முறையிட்டார்கள். 1798 வாக்கில், பறவைகளைச் சுடக்கூடாது என்று கவுல் என்னும் உரிமைப் பத்திரம் வாங்கினார்கள். 1858-இல் அதைப் புதுப்பித்துக்கொண்டார்கள். 1936-இல் அரசு அதைச் சரணாலயமாக ஏற்றது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது 1972-இல்தான். அதற்கு ஏறத்தாழ 170 ஆண்டு முந்தியே ஊர்க்காரர்கள் விழித்துக்கொண்டார்கள்!

எதற்காக இவ்வளவு பாடு? இரக்கம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், எச்சம். இந்தப் பறவைகள் சுற்றுவட்டாரக் குளங்களிலும் வயல்களிலும் மீனும் நண்டும் தவளையும் பிடித்துத் தின்றுவிட்டு, கூடு இருக்கும் ஏரிக்குத் திரும்புகின்றன. எச்சம் அந்தத் தண்ணீரில் விழுகிறது. அதில் தழைச்சத்தும் மணிச்சத்தும் நிறைய உண்டு. அந்தத் தண்ணீர் மடை வழியே வயலுக்குப் போகும்போது உரமும் கூடவே போகிறது. மண் பரிசோதனை நிலையம் இல்லாத அந்தக் காலத்திலேயே வேடந்தாங்கல் விவசாயி இதைக் கண்டுபிடித்துவிட்டார்.

அவ்வளவு தூரம் போவானேன்? மூலைக்கரைப்பட்டிப் பக்கம் கூந்தன்குளம் இருக்கிறது. அங்கே கூழைக்கடாவும் சங்குவளை நாரையும் குளத்து மரங்களில் மட்டுமல்ல, ஊருக்குள்ளே வீட்டோரத்து மரங்களிலும் கூடு கட்டும். முற்றமெல்லாம் எச்சம், மீன் நாற்றம். ஊர்க்காரர்கள் முகம் சுளிப்பதில்லை. "நம்ம வீட்டுக்கு வந்த பிள்ளைகள்" என்று இருந்துவிடுகிறார்கள். எச்சம் கலந்த குளத்து வண்டலை வயலில் போடுகிறார்கள். மணிமுத்தாறு தண்ணீர் வந்து குளம் நிறைந்த ஆண்டுகளில் இமயமலையைத் தாண்டி வரித்தலை வாத்தும் வந்து இறங்கும். அரசு இதைச் சரணாலயமாக அறிவித்தது 1994-இல். 2022-இல் ராம்சர் என்னும் உலக ஈரநிலப் பட்டியலில் சேர்ந்ததாக அறிவிப்பு வந்தது. ஆனால் முதல் காவலர்கள் ஊர்க்காரர்கள்தான்.

இதற்கு நேர்மாறான கதையும் உண்டு. செத்த மாட்டைத் தின்று ஊரைச் சுத்தமாக வைத்திருந்த பிணந்தின்னிக் கழுகுகளை இன்று நம் பக்கம் காண முடியுமா? தமிழ்நாட்டில் முக்கியமாக நீலகிரி மோயாற்றுப் பக்கம்தான் மிஞ்சியிருக்கின்றன. அவற்றை யாரும் சுடவில்லை. மாட்டின் வலிக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் ஊசி மருந்து, அந்த மாடு செத்தபின் அதைத் தின்ற கழுகின் சிறுநீரகத்தைக் கெடுத்துக் கொன்றது. 2006-இல் கால்நடைகளுக்கு அந்த மருந்தைத் தடை செய்தார்கள். அதற்குள் பெரும்பாலான கழுகுகள் போய்விட்டன. யாருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது, விஷயம் தெரியவில்லை, அவ்வளவுதான். மாட்டுக்கு வலி மருந்து வேண்டுமென்றால் கால்நடை மருத்துவரிடம் மெலாக்சிகம் கேளுங்கள். அது கழுகுக்குத் தீங்கு செய்வதில்லை.

இனி நம்ம விஷயம். மயில் நாற்றங்காலையும் நிலக்கடலையையும் கிளறுகிறது. அந்த நஷ்டம் எனக்குத் தெரியாததல்ல. ஒருமுறை ஒரு விவசாயி, "மயிலுக்குத்தான் வைத்தேன் சார்" என்று மருந்து கலந்த தானியத்தைக் காட்டினார். பக்கத்தில் இரண்டு மைனாவும் ஒரு புறாவும் செத்துக் கிடந்தன. மயில் வரவே இல்லை. அவர் வீட்டுக் கோழியும் அந்தப் பக்கம்தான் மேயும்! அன்று நாங்கள் இருவரும் சேர்ந்து அந்தத் தானியத்தைப் பொறுக்கிக் குழிதோண்டிப் புதைத்தோம். மயிலைக் கொன்றால் மூன்று ஆண்டுக்குக் குறையாத சிறை என்பது சட்டம். விஷம் வைக்காதீர்கள், அண்ணாச்சி. நாற்றங்காலுக்கு வலை கட்டுங்கள், மினுக்கும் நாடாவைக் காற்றில் ஆடவிடுங்கள். சேதம் அதிகமானால் வனத்துறைக்கு எழுதிக் கொடுங்கள்.

தாமிரபரணித் தென்கால் பாயும் கடம்பாகுளம் முதலான நம் குளங்களும் பறவைகள் வந்து தங்கும் இடங்கள்தான். 2011 முதல் தாமிரபரணிப் பாசனக் குளங்களில் ஆண்டுதோறும் நீர்ப்பறவைகளை எண்ணுகிறார்கள். அடுத்த முறை எண்ண வரும்போது உங்கள் பிள்ளைகளையும் கரைக்கு அனுப்புங்கள். குளத்து மரத்தை வெட்டாமல், மருந்து டப்பாவைத் தண்ணீரில் கழுவாமல், துப்பாக்கிக்காரரைக் கரையேறவிடாமல் பார்த்துக்கொண்டால் போதும். வேடந்தாங்கல்காரர்கள் கலெக்டரிடம் போய்க் கேட்டு வாங்கியது, நமக்குச் சட்டமாகவே கையில் இருக்கிறது. அதைக் காப்பாற்றுவது நம்ம பொறுப்பு.



(வானொலி உரையின் எழுத்து வடிவம்)