மலையை வெட்டிய சாலைகள்

புக்கிட் தீமாவை மலை என்று சொல்லக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. உயரம் 163 மீட்டர் சொச்சம். டக்ஸ்டனில் நிற்கும் 50 மாடி வீவக வீடுகள் ஏறக்குறைய அதைத் தொட்டுவிடும். ஆனால் சிங்கப்பூரில் எஞ்சியிருக்கும் ஆதிக்காட்டின் பெரிய துண்டுகளில் ஒன்று இங்கேதான் இருக்கிறது. 'துண்டு' என்பதைத் தெரிந்தேதான் சொல்கிறேன். அது எப்படித் துண்டானது என்பதுதான் என் கேள்வி.

முதல் வெட்டு நம்மவர்கள் கையால் விழுந்தது. நகரத்திலிருந்து வடகரையின் கிராஞ்சி வரை 1845இல் போய்ச் சேர்ந்த புக்கிட் தீமா சாலையில் இந்தியக் கைதிகளின் உழைப்பு நிறைய இருக்கிறது. வங்காளம், பம்பாய், மதராஸ் மாகாணங்களிலிருந்து கப்பலேற்றி அனுப்பப்பட்டவர்கள் அவர்கள். செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தையும் இஸ்தானாவையும் கட்டியவர்கள் என்று இன்று பெருமையாகச் சொல்கிறோம். காட்டை வெட்டிப் பாதை போட்டதை யாரும் அப்படிப் பேசுவதில்லை. அவர்களுக்கு அது விருப்பமா என்ன? சங்கிலி போட்டவனிடம் சூழலியல் கேட்க முடியாது.

சாலை போன இடமெல்லாம் கம்பீர், மிளகுத் தோட்டங்கள் உள்ளே புகுந்தன. காடு சுருங்கியதும் புலியும் ஆளும் ஒரே இடத்தில் நிற்க வேண்டியதாயிற்று. 1854இல் இங்கே வண்டு பிடிக்க வந்த வாலஸ், புலிகள் சராசரியாக நாளுக்கு ஒரு சீனரைக் கொல்வதாக எழுதியிருக்கிறார். அந்தக் கணக்கை அப்படியே நம்ப வேண்டாம். ஆனால் புலிக்கு வெட்டிய குழிகளுக்கு நடுவேதான் அவர் நடமாடினார். அங்கே சுமார் 700 வகை வண்டுகளைச் சேகரித்தார். மரம் வெட்டுபவர்கள் சாய்த்துப்போட்ட அடிமரங்களால்தான் அவ்வளவு கிடைத்தது என்று அவரே சொல்கிறார். அழிவே அறிவியலுக்கு உதவிய கதை அது.

1880களில் மலை காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. நூறு வருடம் கழித்துப் பெரிய வெட்டு விழுந்தது: புக்கிட் தீமா விரைவுச்சாலை. 1986இல் முழுமையாகத் திறக்கப்பட்ட அந்த ஆறுதடச் சாலைக்கு மேற்கே 163 எக்டர் புக்கிட் தீமா, கிழக்கே அதைவிடப் பல மடங்கு பெரிய மத்திய நீர்ப்பிடிப்புக் காடு. அதுவரை இரண்டும் ஒன்று.

மறுவருடமே, 1987இல், புக்கிட் தீமாவின் கடைசி வரிமந்தியை நாய்கள் குதறிக் கொன்றன. சாலைதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. மந்திகள் முன்பே மெலிந்துபோயிருந்தன. ஆனால் அந்தப் பக்கத்துக் காட்டிலிருந்து இன்னொரு மந்தி வந்து அந்த இடத்தை நிரப்ப வழி இல்லாமல் போனது. துண்டாக்கம்னா இதுதான். யாரையும் நேரடியாகக் கொல்ல வேண்டியதில்லை, வரவு மட்டும் நின்றால் போதும்.

நேரடியாகச் செத்ததும் உண்டு. 1994 முதல் 2014 வரை அந்தச் சாலையில் சராசரியாக வருடத்துக்கு இரண்டு அழுங்குகள் அடிபட்டன. அழுங்கு பயந்தால் பந்தாகச் சுருண்டுகொள்ளும். புலியின் பல்லுக்கு எதிராக அது நல்ல யோசனை. லாரிக்கு முன்னால் அதைவிட மோசமான யோசனை இல்லை.

2013இல் கட்டி முடித்த சூழலியல் பாலம் இதற்காகத்தான். 62 மீட்டர் நீளம், குறுகிய நடுப்பகுதியில் 50 மீட்டர் அகலம், மேலே மண்ணும் மரமும். அழுங்கும் மரநாயும் கேமராவில் பதிவாகியிருக்கின்றன. ஒன்றேகால் நூற்றாண்டுக் காப்புக்காட்டைப் பிரித்த 27 வருடத்துக்குப் பிறகு போட்ட தையல். தாமதம்தான், ஆனால் பிடித்திருக்கிறது.

விரைவுச்சாலையைத் திட்டுவது எளிது, நாம் அதில் நடப்பதில்லை. நாம் நடக்கும் ஒற்றையடிப் பாதை? மிதிபட்ட மண் இறுகி நீரை உள்ளே விடாது. மழைநீர் மேலே ஓடி வேரை வெளியே கொண்டுவரும். விதானம் திறந்த இடத்தில் வெயிலும் காற்றும் நுழைந்து ஈரம் போகும். நிழல் கேட்கும் நாற்றுகள் கருகும், கொடிகள் ஏறும். பாதை சகதியானதும் நாம் ஓரமாக ஒதுங்கி நடக்கிறோம். இரண்டடிப் பாதை நாலடி ஆகிறது. "சும்மா ஒரு ஷார்ட்கட்" என்று ஆரம்பிப்பது ஒரு வருடத்தில் வரைபடத்தில் இல்லாத புதுப் பாதையாகிறது. 2014 செப்டம்பரிலிருந்து இரண்டு வருடம் புக்கிட் தீமாவை மூடிச் சரிவுகளையும் பாதைகளையும் சீர்செய்தது இந்தக் கால்களால் வந்த செலவும்தான். அப்போது முணுமுணுத்தவர்கள் நிறைய. எனக்கு இன்னும் ஒரு வருடம் மூடியிருக்கலாம் என்றே தோன்றுகிறது.

வரிமந்திகள் இப்போது மத்திய நீர்ப்பிடிப்புக் காட்டில் மட்டும், மிகச் சிறு எண்ணிக்கையில் இருக்கின்றன. அங்கேயும் ஒரு சாலை குறுக்கிடுகிறது: பழைய அப்பர் தாம்சன் சாலை. 1961 முதல் 1973 வரை அதில் கிராண்ட் பிரீ கார்ப் பந்தயம் நடந்தது. இப்போது அதன் மேலே, இருபக்க மரங்களையும் இணைத்துக் கயிற்றுப் பாலங்கள் கட்டியிருக்கிறார்கள். மந்திகள் அதில் கடக்கின்றன. குட்டியை வயிற்றில் ஒட்டிக்கொண்டு போகும் தாய்கள் உட்பட.