நலம் தரும் மருத்துவமனைச் சூழல்: திருவண்ணாமலை வட்டார வரலாறு

மருந்துக்கும் அறுவைச் சிகிச்சைக்கும் துணையாக வெளிச்சம், காற்று, நிழல், உணவு, உறவினரின் துணை ஆகியவை நோயாளிக்குக் கிடைக்கும்படி மருத்துவமனையை அமைக்கும் முறை. புதிய துறையாகப் பேசப்பட்டாலும் இந்த வட்டாரத்தில் அதற்கு நெடிய வரலாறு உண்டு.

ஜவ்வாது மலையில் பிறக்கும் செய்யாறு, திருவண்ணாமலை மாவட்டத்தின் ஊடாக ஓடித் திருமுக்கூடலில் பாலாற்றோடு கலக்கிறது. அங்குள்ள வெங்கடேசப் பெருமாள் கோயிலில் வீரராசேந்திர சோழன் (1063–1070) காலக் கல்வெட்டு ஒன்று, ‘வீரசோழன்’ என்னும் ஆதுலசாலையை (மருத்துவமனையை) பற்றிக் கூறுகிறது. மருத்துவர், சல்லியக்கிரியை (அறுவைச் சிகிச்சை) செய்பவர், மூலிகை கொண்டுவருவோர், நோயாளிகளைப் பேணும் பெண்கள் என ஒவ்வொருவருக்கும் தனித்தனியே நெல்லும் காசும் ஒதுக்கப்பட்டன. படுக்கைகள் 15. பயன்பெற்றவர்கள் கோயிலைச் சார்ந்த வேதபாடசாலையினரும் கோயில் பணியாளர்களுமே. ஊராருக்கெல்லாம் திறந்த இடமாக அது இருக்கவில்லை. ஆனால் இரவு முழுக்க எரிய ஒரு விளக்குக்கு எண்ணெய்ச் செலவையும் அந்தக் கணக்கு விடவில்லை. நோயாளிக்கு இரவுதான் நீளம் என்று அறிந்தவர்கள் எழுதிய கணக்கு அது.

1859இல் ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் காற்றோட்டமுள்ள வார்டுகளை வலியுறுத்தி எழுதினார். காற்றும் வெயிலுமே காசநோய்க்குச் சிகிச்சையாகக் கருதப்பட்ட காலத்தில், டாக்டர் சவுரி முத்து 1928இல் தாம்பரத்தில் மரங்களுக்கு நடுவே சானடோரியம் தொடங்கினார். சென்னைக் காசநோய் வேதிச்சிகிச்சை மையம் 1959இல் வெளியிட்ட ஆய்வு இந்த நம்பிக்கையை அசைத்தது: நெரிசலான வீட்டில் இருந்தபடி மருந்து சாப்பிட்டவர்களும் சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு ஏறத்தாழ இணையாகவே குணமடைந்தார்கள். சூழல் மருந்துக்கு மாற்றாகாது என்பதை இத்துறையில் எவரும் மறக்கக் கூடாது.

வேலூரும் திருவண்ணாமலையும் 1989 வரை ஒரே வட ஆற்காடு மாவட்டம். காட்பாடி அருகே கரிகிரியில் 1955இல் தொடங்கப்பட்ட தொழுநோய் ஆய்வு மருத்துவமனையைச் சுற்றி வறண்ட நிலமே இருந்தது. எலும்பியல் அறுவை மருத்துவரான எர்னெஸ்ட் ஃபிரிட்சி மழைநீரைத் தேக்கி, மரம் வளர்த்து, அதைப் பறவைகள் வரும் சோலையாக்கினார். ஊரால் ஒதுக்கப்பட்டு வந்தவர்களுக்கு அந்த நிழல் வெறும் அலங்காரம் அல்ல.

வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி பாகாயத்தில் 1957இல் தொடங்கிய மனநல மையமோ, நோயாளியோடு குடும்பத்தாரும் தங்கும் முறையை வேரூன்றச் செய்தது. நோயாளியைப் பூட்டிவைத்து உறவினரை வெளியே நிறுத்திய பழைய மனநலக் காப்பகங்களுக்கு இது நேரெதிர். தமிழ்நாட்டிலிருந்து உலகம் கற்க வேண்டிய பாடங்களில் இதுவும் ஒன்று.

சூழலின் பயனை அளந்து பார்த்தவர்களும் உண்டு. 1984இல் அமெரிக்க ஆய்வாளர் ரோஜர் உல்ரிச், பித்தப்பை அறுவை செய்துகொண்ட 46 பேரின் பதிவேடுகளை ஒப்பிட்டார். சன்னல் வழியே மரங்கள் தெரிந்தவர்கள், செங்கல் சுவரை மட்டும் பார்த்துக் கிடந்தவர்களைவிட விரைவில் வீடு திரும்பினார்கள். அவர்களுக்கு வீரியமான வலிநிவாரணியும் குறைவாகவே தேவைப்பட்டது.

திருவண்ணாமலையில் அரசு மருத்துவக் கல்லூரி 2013இல் வந்தது. மாவட்டத் தலைநகரின் பெரிய அரசு மருத்துவமனை என்றால் ஜவ்வாது மலைக் கிராமங்களிலிருந்தும் ஆள் வரும். கட்டிலுக்கு அடியில் பாய், தலைமாட்டில் தூக்குவாளி, சன்னல் கம்பியில் காயும் துண்டு: எந்த அரசு வார்டிலும் துணைக்கு இருப்பவரின் குடித்தனம் இவ்வளவுதான். நோயாளியைக் கழிப்பறைக்குத் தாங்கிச் செல்வதும், கஞ்சி ஊட்டுவதும், மருந்துச் சீட்டோடு ஓடுவதும் அவரே. ஆனாலும் வார்டு வரைபடங்களில் அவருக்கு இடம் ஒதுக்கப்படுவது அரிது. மத்திய அரசு 2015இல் தொடங்கிய ‘காயகல்ப்’ விருது அரசு மருத்துவமனைகளின் தூய்மையை மதிப்பிடுகிறது. 2017இன் ‘லக்‌ஷ்யா’ திட்டம், பிரசவ அறையில் மறைப்புத் திரையையும், தாய்க்குத் துணையாகப் பெண் உறவினர் ஒருவர் உடனிருப்பதையும் தர விதிகளில் சேர்த்தது.