கடல் விலகிய துறைமுகமும் கடிதம் காத்த வீடும்

தாமிரபரணி ஆறு கடலோடு கலக்கும் நிலப்பகுதியில் கொற்கை, பழையகாயல், காயல்பட்டினம் என மூன்று ஊர்கள் உள்ளன. மூன்றும் வெவ்வேறு காலங்களில் முத்தும் துணியும் குதிரையும் கைமாறிய துறைகள். ஆறு சுமந்துவந்த வண்டல் முகத்துவாரத்தை மேடாக்கியபோதெல்லாம், கப்பல் நெருங்க இயலாத துறையை விட்டு வணிகர் கடலோரத்து அடுத்த துறைக்குப் பெயர்ந்தனர். சங்கப் பாடல்கள் முத்துக்காகப் புகழ்ந்த கொற்கை, இன்று கடலிலிருந்து பல கிலோமீட்டர் உள்ளே, வயல்களுக்கும் வாழைத் தோட்டங்களுக்கும் நடுவே அமைதியாக இருக்கிறது.

எங்கள் உம்மம்மா பிறந்தது காயல்பட்டினத்தில். கொழும்பில் வணிகம் செய்த அவருடைய வாப்பா, 1958இல் மனைவியையும் இளைய மகளையும் சென்னை மண்ணடிக்கு அழைத்து வந்தார். அப்போது உம்மம்மாவுக்கு வயது பதின்மூன்று. எண்பதை நெருங்கும் இவ்வேளையில், தாம் பிறந்த மண்ணைத் தம் பேரப்பிள்ளைகளின் பிள்ளைகளுக்கும் காட்ட வேண்டும் என்று அவர் விரும்பினார். பூமியில் பயணம் செய்து முன்னிருந்தோரின் நிலையைப் பார்க்கவில்லையா என்று திருக்குர்ஆன் பல இடங்களில் கேட்கிறது. பள்ளி விடுமுறையில், எட்டுப் பேராக நாங்கள் புறப்பட்டோம்.

தூத்துக்குடியில் இறங்கி, முதலில் கொற்கைக்குச் சென்றோம். தாலமி முதலான கிரேக்க, உரோமை நூலாசிரியர்கள் அறிந்திருந்த பாண்டியத் துறைமுகம் அது. 19ஆம் நூற்றாண்டில் கால்டுவெல் கொற்கையையும் பழையகாயலையும் ஆராய்ந்தார். பழையகாயலில் நிலத்தைக் கிளறியபோது சீனத்துப் பீங்கான் சில்லுகள் அவருக்குக் கிடைத்தன. கீழைக் கடலின் மறுகரையோடு இவ்வூருக்கு இருந்த தொடர்புக்கு அச்சில்லுகள் சான்று. மார்க்கோ போலோ எழுதிய ‘காயல்’ இதுவே என்று அவர் முடிவு கட்டினார்.

13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கு வந்த மார்க்கோ போலோ, ஹோர்முஸ், கீஷ், ஏடன் முதலிய துறைகளிலிருந்து குதிரைகளும் பிற சரக்குகளும் ஏற்றிவரும் கப்பல்களெல்லாம் காயலைத் தொட்டே சென்றன என்கிறார். குதிரை பேணத் தெரிந்தவர் இங்கு இல்லாமையால் வாங்கிய குதிரைகள் விரைவில் மடிந்தன என்றும், ஆகவே ஆண்டுதோறும் புதிய குதிரைகள் தேவைப்பட்டன என்றும் எழுதுகிறார். பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் இவ்வணிகத்தின் அளவைத் தருகிறார். கீஷ் தீவிலிருந்து ஜமாலுத்தீன் என்பவர் ஆண்டுக்கு 1,400 குதிரைகளை அனுப்ப ஒப்பந்தம் செய்திருந்தார். ஒரு குதிரையின் விலை 220 பொன் தீனார். வழியில் கடலில் இறந்த குதிரைக்கும் பாண்டியர் கருவூலம் விலை தந்தது. ஜமாலுத்தீனின் உடன்பிறந்தாரான தகியுத்தீன் பாண்டிய மன்னரின் அமைச்சராக விளங்கினார்.

16ஆம் நூற்றாண்டில் காட்சி மாறியது. முத்துக் குளிப்பின் மீதும் கடல் வழிகளின் மீதும் போர்ச்சுக்கீசியர் பிடியை இறுக்கினர். 1538இல் வேதாளையில் நடந்த போரில் முஸ்லிம்களின் கடற்படை அவர்களிடம் தோற்றது. பெருங்கப்பல் வணிகம் குன்றியது. அரபுக் குதிரைகளின் காலம் முடிந்தது. ஆயினும் ஊர் அழியவில்லை. சங்கு, அரிசி, துணி, மாணிக்கக்கல் என்று கைக்கு எட்டிய சரக்கை ஏற்றிக்கொண்டு இலங்கைக்கும் பர்மாவுக்கும் கல்கத்தாவுக்கும் காயலர் போய்வந்தனர்.

பயணிகளின் நூல்கள் கப்பல்களை எண்ணுகின்றன. குதிரைக்கு விலை சொல்லுகின்றன. ஆண்கள் ஆண்டுக்கணக்கில் கடல் கடந்திருந்த ஓர் ஊரில், அவர்கள் திரும்பிவர ஒரு வீட்டை யார் வைத்திருந்தார்கள் என்பதை அவை சொல்லவில்லை. அதற்கான விடை காயல்பட்டினத்தின் தெருக்களிலேயே இருக்கிறது.

பழையகாயலைக் கடந்து, முக்காணியில் தாமிரபரணிப் பாலத்தைத் தாண்டி, ஆறுமுகனேரி உப்பளங்களின் வெண்குவியல்களைப் பார்த்தவாறு ஊருக்குள் நுழைந்தோம். பழைய கல் பள்ளிவாசல்களின் தூண்களையும் போதிகைகளையும் கண்ட பிள்ளைகள், கோயில் மண்டபம் போல இருக்கின்றனவே என்று வியந்தனர். செதுக்கியவர் இம்மண்ணின் சிற்பிகள். மனித உருவங்களை விடுத்து மலரையும் கொடியையும் மட்டும் அவர்கள் செதுக்கினார்கள்.

தெருக்களுக்கு இடையே, இரு வீடுகளின் பின்புறங்களை ஒட்டிச் செல்லும் குறுகிய சந்துகளை இங்கு முடுக்கு என்பர். பெண்கள் பொதுத் தெருவில் இறங்காமலே உறவினர் வீட்டுக்கும், மதரஸாவுக்கும், நோயுற்றவரைப் பார்க்கவும் அவ்வழியே சென்றுவருவர். உம்மம்மா கைத்தடியை எங்களிடம் தந்துவிட்டுச் சுவரைத் தொட்டபடியே முன்னால் நடந்தார். அறுபத்தைந்து ஆண்டுகளுக்குப் பின்னும் எந்த முடுக்கு எந்த வீட்டின் கொல்லையில் முடியும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

இவ்வூரில் மணமான பெண் தாய்வீட்டை விட்டுப் போவதில்லை. மாப்பிள்ளையே பெண்வீட்டுக்கு வருகிறார். பெற்றோர் தம் பெண்மக்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு வீட்டையோ, வீட்டின் ஒரு பகுதியையோ கொடுத்துவிட முயல்வர். தாயிடமிருந்து மகளுக்கு வீடு இறங்குகிறது. கொழும்பில் கடை நொடித்தாலும், கப்பல் திரும்பாவிட்டாலும், பெண்ணின் தலைக்குமேல் கூரை இருந்தது. கடல் வணிகத்தின் நிச்சயமின்மைக்கு எதிராக இவ்வூர் கட்டிவைத்த அரண் என்றே இவ்வழக்கத்தை நாங்கள் காண்கிறோம்.

அந்த வீட்டுக்குள்ளே கல்வியும் இருந்தது. 1632இல் காயல்பட்டினத்தில் பிறந்த சதக்கத்துல்லாஹ் அப்பா (ரஹ்) அரபு இலக்கியத்தில் புகழ்பெற்றவர். 1816இல் இங்கு பிறந்து கீழக்கரையில் வாழ்ந்த மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (ரஹ்), ‘ஃபத்ஹுத் தய்யான்’ எனும் மார்க்கச் சட்ட நூலை அரபுத் தமிழில் எழுதினார். அரபுத் தமிழ் என்பது தமிழை அரபு எழுத்துகளில் எழுதும் முறை. அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்கு, இருக்கும் எழுத்துகளின் மேலும் கீழும் புள்ளிகளைக் கூட்டிப் புதிய எழுத்துகளை அமைத்தனர். குர்ஆன் ஓதக் கற்ற பெண்பிள்ளை, பள்ளிக்கூடம் போகாமலே தன் தாய்மொழியில் தொழுகையின் சட்டத்தையும், மருத்துவக் குறிப்பையும், பாடலையும் வாசிக்க இதனால் இயன்றது. கணவனுக்குக் கடிதம் எழுதவும் இயன்றது.

உம்மம்மா பிறந்த வீடு, ஊர் வழக்கப்படி அவருடைய ராத்தாவுக்கும், பின்னர் ராத்தாவின் மகளுக்கும் வந்தது. எங்களுக்குப் பெரியம்மா முறையான அவர் நெய்ச்சோறும் களறிக்கறியும் சமைத்து எங்களுக்காகக் காத்திருந்தார். உணவுக்குப்பின், அலமாரியின் மேல்தட்டிலிருந்து ஒரு தகரப் பெட்டியை இறக்கினார். கொழும்பிலிருந்து உம்மம்மாவின் வாப்பா திரும்பக் கொண்டுவந்த பெட்டி அது. அதனுள் ஃபத்ஹுத் தய்யானின் பழைய பிரதி ஒன்றும், நூலால் கட்டிய நாற்பதுக்கும் மேற்பட்ட கடிதங்களும் இருந்தன. உறைகளின் மேல் யாரோ எழுதிக் கொடுத்த ஆங்கில முகவரி. உள்ளே முழுவதும் அரபு எழுத்து.

“இதை வாசிக்க இந்த வீட்டில் இப்போது ஆளில்லை. ஓதுகிற காகிதம் என்று தூக்கிப் போடவும் மனம் வரவில்லை,” என்றார் பெரியம்மா.

உம்மம்மா ஒரு கடிதத்தை எடுத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். இவ்வெழுத்தை அவர் வாசித்தே பல்லாண்டுகள் ஆகிவிட்டன, கண்ணும் மங்கியிருந்தது. அப்போது குர்ஆனை ஓதி முடித்திருந்த எங்கள் பதினொரு வயது மகள் அருகே வந்து எழுத்துக்கூட்டத் தொடங்கினாள். பிஸ்மில்லாஹ்வும் ஸலாமும் தடையின்றி வந்தன. அடுத்து மீம், ரே, மீம் என்று நிறுத்தி, “மரம்” என்றாள். பின்பு நிமிர்ந்து, “உம்மம்மா, இது அரபு இல்லை, தமிழ்!” என்று கூவினாள். கூடுதல் புள்ளிகள் கொண்ட எழுத்துகளில் அவள் தடுமாறினாள். அவற்றை உம்மம்மா சொல்லித் தந்தார். இருவருமாகச் சேர்ந்து அக்கடிதத்தை ஒரு மணி நேரத்தில் வாசித்து முடித்தனர்.

ஹிஜ்ரி 1373, ஸஃபர் மாதம் எழுதிய கடிதம். அதாவது 1953 அக்டோபர். உம்மம்மாவின் தாயார் தம் கணவருக்கு ஊர்ச் செய்தி எழுதியிருந்தார். அடுப்படிக் கூரைக்கு மரம் வாங்கியாயிற்று. மழை தொடங்கிவிட்டது. மூத்த மகள் குர்ஆனை ஓதி முடித்தாள். அண்டை வீடுகளுக்கு இனிப்புக் கொடுத்தாயிற்று. இறுதியில் ஒரு வேண்டுகோள்: வீட்டுக்கு மேற்கே கிடக்கும் மனை இளையவளுக்கு என்று தாம் நிய்யத்து வைத்திருப்பதாகவும், எவ்வளவு நெருக்கடி வந்தாலும் அதை விற்றுவிட வேண்டாம் என்றும் எழுதியிருந்தார்.

அந்த மனை விற்கப்பட்டுவிட்டது. 1948க்குப் பின் இலங்கையில் வந்த குடியுரிமைச் சட்டமும், தொடர்ந்த விசா, நாணயக் கட்டுப்பாடுகளும் இந்திய வணிகர் பலரின் தொழிலைக் குலைத்தன. மண்ணடியில் புதிய கடை வைக்க முதல் தேவைப்பட்டது. ராத்தாவுக்கு வீடு, தமக்கு ஊர்விட்டுப் போகும் விதி என்றே உம்மம்மா இத்தனை ஆண்டுகளும் எண்ணியிருந்தார். யாரையும் அவர் குறை சொன்னதில்லை. எனினும் அன்று கடிதத்தை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு, “எனக்கும் நினைச்சிருக்காங்க உம்மா,” என்று மட்டும் சொன்னார். பின்னர் தம் தாயாருக்காக துஆ செய்தார்.

அரபுத் தமிழ் மறைந்ததை இழப்பு என்று மட்டும் கூறுவது நேர்மையாகாது. பா. தாவூத் ஷாவின் ‘தாருல் இஸ்லாம்’ போன்ற இதழ்களும், பள்ளிக் கல்வியும், தமிழ் எழுத்தில் வந்த மார்க்க நூல்களும் நம் வீடுகளைப் பொதுத் தமிழ் வாசிப்புக்குள் கொண்டுவந்தன. அவற்றால் நாம் அடைந்த பயன் பெரிது. ஆயினும் அந்த மாற்றத்துக்கு முந்தைய நம் பெண்களின் குரல், அவர்கள் கைப்பட எழுதிய தாள்களில் இன்னும் பெட்டிகளுக்குள் கிடக்கிறது. மார்க்கோ போலோவின் நூல் எல்லா நூலகங்களிலும் கிடைக்கும். கூரைக்கு மரம் வாங்கிய கணக்கும், இளைய மகளுக்கு வைத்த நிய்யத்தும் அந்த ஒரு தாளில் மட்டுமே உள்ளன. கரையானும் உப்புக்காற்றும் நமக்காகக் காத்திரா.

இதில் மகிழத்தக்க செய்தி ஒன்றும் உண்டு. ஓதக் கற்ற நம் பிள்ளைகளுக்கு அந்த எழுத்தில் பெரும்பகுதி ஏற்கெனவே தெரியும். எஞ்சியிருப்பது சில புள்ளி எழுத்துகளும், எகர ஒகரக் குறிகளும்தாம். அவற்றைச் சொல்லித் தரத் தெரிந்த மூத்தோரும், அல்ஹம்துலில்லாஹ், காயலிலும் கீழக்கரையிலும் இலங்கையிலும் இன்னும் வாழ்கின்றனர்.

நாங்கள் எல்லாக் கடிதங்களையும் படமெடுத்துக்கொண்டோம். மூலத்தைப் பெரியம்மாவின் வீட்டிலேயே விட்டு வந்தோம். வெள்ளிதோறும் அஸருக்குப்பின் உம்மம்மாவும் எங்கள் மகளும் ஒரு கடிதத்தை வாசித்துத் தமிழ் எழுத்தில் பெயர்த்து எழுதுகின்றனர். இதுவரை ஒன்பது முடிந்திருக்கின்றன. உங்கள் வீட்டிலும் அத்தகைய பெட்டி இருக்கலாம். இந்த விடுமுறையில் அதைத் திறந்து, வாசிக்கத் தெரிந்த மூத்தவரின் அருகே ஒரு பிள்ளையை அமர்த்துங்கள்.